ஒரு மார்கழியில் சும்மா கடலுக்குப் போனது

போன வாரம் என் பஞ்சர் கடைக்கு ஒரு கார் வந்து நின்றது. கூரையில் நீளமாக ஒரு பலகையைக் கயிறு போட்டுக் கட்டியிருந்தார்கள். கடல் அலையில் ஏறி நின்று விளையாடுவார்களே, அந்தப் பலகை. வெயில் ஏற ஏற, அதன் மேல் தடவியிருந்த மெழுகு இளகித் தேங்காய் வாசம் அடித்தது. டயரைக் கழற்றிக்கொண்டிருந்த என் கை அப்படியே நின்றுவிட்டது. "லேட் ஆகுமாண்ணே?" என்று காரை ஓட்டி வந்தவர் கேட்டார். ஆகாது என்றேன். ஆகிவிட்டது.

கால் வழுக்காமல் இருக்கத்தான் அந்த மெழுகு. கிரீஸ் மணக்கிற ஆளுக்கு இதெல்லாம் எப்படித் தெரியும் என்று நீங்கள் கேட்கலாம். நானும் ஒரு தடவை அதன் மேல் ஏறியிருக்கிறேன். ஏறினேன் என்பதைவிட விழுந்தேன் என்று சொல்வதுதான் நியாயம்.

அப்போது ஆர்.எஸ்.மங்கலத்துக்குப் பக்கத்தில் டிராக்டர் ஓட்டிக்கொண்டிருந்தேன். எட்டாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவன். படிப்பு வரவில்லை என்று ஊரில் சொல்லிக்கொண்டேன். பரீட்சைக்குப் பயந்து ஓடிவந்தேன் என்பதுதான் உண்மை. என் பயம் அந்த ரகம். பஸ்ஸில் ஏறினால் டிக்கெட் தொலைந்துவிடுமோ என்று இறங்கும்வரை கையிலேயே பிடித்திருப்பேன். வேர்வையில் எழுத்து அழிந்துபோகும். அதற்குத் தனியாகப் பயப்படுவேன்.

சித்ரா என் மாமன் மகள். எங்களுக்குக் கல்யாணமாகி ஆறேழு வருசம் ஆகியிருந்தது. பிள்ளை இல்லை. எங்கள் பக்கத்து ஆட்களுக்குக் கடல் பஸ்ஸில் போகிற தூரம்தான், ஆனாலும் சும்மா போகமாட்டோம். அஸ்தி கரைக்கப் போவோம், அமாவாசைக்குப் போவோம், பிள்ளை கேட்கப் போவோம். நாங்கள் இரண்டுபேரும் தேவிபட்டினத்தில் முங்கியிருக்கிறோம், மாரியூரில் முங்கியிருக்கிறோம், ராமேஸ்வரத்தில் தீர்த்தம் தீர்த்தமாக வாளித் தண்ணீரைத் தலையில் வாங்கிக்கொண்டு நடுங்கி நின்றிருக்கிறோம். திரும்பி வந்த பிறகு அந்த மாதம் முழுக்க வீட்டில் யாரும் சத்தமாகப் பேசமாட்டார்கள். பிறகு ஒருநாள் காலையில் சித்ரா தலைக்குக் குளித்துவிட்டுக் கொல்லையில் துணி காயப்போடுவாள். அம்மா அதைப் பார்ப்பாள். அவ்வளவுதான்.

அந்தக் கார்த்திகையில் களைபறிப்பு முடிந்து, அறுவடைக்கு நாள் கிடந்தது. டிராக்டருக்கும் எனக்கும் வேலையில்லை. சித்ரா செல்போனில் ஒரு வீடியோவைக் காட்டினாள். ராமேஸ்வரம் பக்கம் ஏதோ ஒரு கரை. நம்மைப் போல மூஞ்சியுள்ள ஒரு பொம்பளை அலை மேல் பலகையில் எழுந்து நின்றாள்.

"மச்சான், நாமளும் போவமா?"

"எதுக்கு?"

"நிக்கத்தான்."

"ஒனக்குக் கம்மாயிலயே முழங்காலுக்கு மேல எறங்கப் பயம்."

"எனக்கா பயம், ஒங்களுக்கா?"

அவள் போனை அணைத்து வைத்தாள். "இத்தன வருசமும் கேக்கத்தான கடலுக்குப் போயிருக்கோம். ஒரே ஒரு தடவ சும்மா போய்ட்டு வருவோம் மச்சான். ஒண்ணுமே கேக்காம."

சரி என்றேன். சொன்ன நிமிசத்திலிருந்து எனக்கு வேலை வந்துவிட்டது.

அங்கே கற்றுக்கொடுக்கிற தம்பி பெயர் ஆன்டோ. கடற்கரை ஊர்க்காரன். பாவம், என் போனை எடுத்து எடுத்துக் களைத்திருப்பான். மார்கழிக் குளிரில் கடலில் இறங்கினால் ஜன்னி வராதா? "கடத்தண்ணி ஒங்க கம்மாத் தண்ணிய விடக் கதகதன்னு இருக்கும்ணே." சொறிமீன் கடிக்குமா? "அரிக்கும்ணே, அம்புட்டுத்தான்." காதுக்குள் தண்ணீர் போனால்? "போனது வெளிய வந்துரும்ணே." சித்ரா சுடிதாரோடு இறங்கலாமா என்பதை மட்டும் நான் கேட்கக் கூச்சப்பட்டேன். அவளே போனைப் பிடுங்கிக் கேட்டுவிட்டாள்.

ராமேஸ்வரத்தில் வடக்குப் பக்கத்துக் கடலைப் பெண்கடல் என்பார்கள், அமைதியானது. தெற்குப் பக்கம் ஆண்கடல், எந்நேரமும் இரைச்சல். நான் கறாராகச் சொன்னேன்: "தம்பி, பெண்கடல்னாத்தான் வருவோம்." அவன் சிரித்துக்கொண்டே சரி என்றான். அந்தச் சிரிப்புக்கு அர்த்தம் எனக்கு அப்போது தெரியவில்லை.

எனக்கு இருந்த ஒரே தைரியம் பரம்பு. சேறடித்த தொளி வயலைச் சமப்படுத்த ஒரு பலகையைக் கயிற்றில் கட்டி மாடு இழுக்கும். கனத்துக்கு மேலே ஒரு ஆள் நிற்கவேண்டும். பள்ளிக்கூடத்தை விட்டதும் எனக்குக் கிடைத்த முதல் உத்தியோகம் அதுதான். "பரம்புல நின்னவனுக்கு இதெல்லாம் சும்மா" என்று சித்ராவிடம் தினமும் சொன்னேன். எனக்கே சொல்லிக்கொண்டதுதான்.

அம்மாவிடம் ராமேஸ்வரம் போகிறோம் என்று மட்டும் சொன்னோம். அவளுக்கு அது போதுமாக இருந்தது. ஒரு எலுமிச்சம்பழத்தை மஞ்சள் துணியில் முடிந்து என் கையில் கொடுத்தாள். "ஏலே, கெழக்க பாத்து முங்குங்க. மனசுல நல்லா நெனச்சுக்கிட்டு, ரெண்டுபேருமாத் தண்ணியில விடுங்க." தலை சீவிக்கொண்டிருந்த சித்ராவின் சீப்பு ஒரு நொடி நின்று, பிறகு ஓடியது.

பஸ்ஸில் கேட்டாள். "அத ஏன் வாங்குனீக?"

"அம்மா குடுக்கும்போது எப்பிடி வேணாம்கிறது?"

"விடப் போறீகளா?"

"தெரியல."

பாம்பன் பாலம் வந்ததும் பஸ்ஸில் எல்லோரும் சன்னலுக்கு எழுந்தார்கள். அவள் மடியிலிருந்த பையையே பார்த்துக்கொண்டு வந்தாள்.

இறங்கிப் போய்ப் பார்த்தால், பெண்கடல் அலையடித்துக்கொண்டிருந்தது. நான் ஆன்டோவைப் பார்த்தேன். "வாடைக் காத்து மாசத்துல இந்தப் பக்கந்தாண்ணே அலை. அந்தப் பக்கம் குளமாட்டம் கெடக்கும். கரெக்டாப் புடிச்சு வந்திருக்கீக!" என்றான். சித்ரா வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள்.

என் பரம்புப் பெருமை முதல் அலையோடு போனது. பரம்பில் கயிறு முன்னால் இழுக்கும், நாம் பின்னால் சாய்ந்து நிற்போம். என் காலுக்கு அந்தப் பாடம் ஒன்றுதான் தெரியும். கடலில் இழுக்க ஆளில்லை, பின்னாலிருந்து தள்ளுகிறது. நான் ஒவ்வொரு தடவையும் இல்லாத கயிற்றை நம்பிச் சாய்ந்து மல்லாக்க விழுந்தேன்.

"மச்சான், மாட்ட எங்கன அவுத்து விட்டீக?" என்று தண்ணீருக்குள்ளிருந்து சத்தம் வந்தது.

அவளுக்கு மறப்பதற்கு எந்தப் பாடமும் இல்லை. துப்பட்டாவை இடுப்பில் இறுக்கிக் கட்டியிருந்தாள். விழுந்தாள், குடித்தாள், துப்பினாள், மறுபடி ஏறினாள். ஒரு அலையில் நாற்று நடக் குனிகிற மாதிரி குனிந்தபடியே நின்றாள். நிமிரவே இல்லை. ஆனால் நின்றாள். கரைவரைக்கும் வந்து, முட்டளவு தண்ணீரில் பொத்தென்று உட்கார்ந்து, "ஏஏய்!" என்று கத்தினாள். யாரைக் கூப்பிட்டாளோ. கடலிலிருந்து சிரித்துக்கொண்டு அவள் எழுந்து வந்ததை அன்றைக்குத்தான் பார்த்தேன்.

அந்தச் சிரிப்பைப் பார்த்ததும் எனக்குப் பயம் வந்தது. போய்ப் பையிலிருந்து முடிச்சை எடுத்தேன். வந்ததுதான் வந்தோம், விட்டால் என்ன குறைந்துபோகும்? விடாமல் போய், அதனாலேயே பிள்ளை இல்லாமல் போய்விட்டால்? தண்ணீர் சொட்டச் சொட்ட அவள் பக்கத்தில் வந்து நின்றாள். கோபப்படவில்லை.

"மனசு கேக்கலன்னா விடுங்க மச்சான், நான் ஒண்ணும் நெனைக்க மாட்டேன். ஆனா, நான் நின்னதும் இதுக்காகன்னு ஆயிரும்."

முடிச்சை அவிழ்த்தேன். பிறகு ஆன்டோவிடம் ஒரு கத்தி வாங்கினேன். பழத்தை அறுத்து ஒரு பாட்டில் தண்ணீரில் பிழிந்தேன். "உப்புக் கெடக்காண்ணே?" என்று அவன் தேடப் போனான். "வேணாம் தம்பி, வயிறு பூரா உப்புத்தான்" என்றாள் சித்ரா. மூன்றுபேரும் மாற்றி மாற்றிக் குடித்தோம். மஞ்சள் துணியில் அவள் முகத்தைத் துடைத்துக்கொண்டாள்.

வீட்டு வாசலிலேயே அம்மா கேட்டாள். "நெனச்சு விட்டீகளா?"

நான் வாயைத் திறப்பதற்குள் சித்ரா சொல்லிவிட்டாள். "இல்லத்தே. சும்மாத்தான் போய்ட்டு வந்தோம். நான் பலகையில நின்னேன்."

அம்மா அவளை நெடுநேரம் பார்த்தாள். "விழுகலையா?"

"விழுந்தேன்."

"அடி கிடி பட்டுச்சா?"

"இல்லத்தே."

"சரி, மொதல்ல தலையத் தொவட்டு."

அந்த மாதம் சித்ரா கொல்லையில் துணி காயப்போட்டபோது, அம்மா ஏதோ வேலை இருப்பதுபோல் வீட்டுக்குள் போய்விட்டாள். அதற்குப் பிறகு நாங்கள் எந்தக் கடலிலும் எதையும் கேட்கவில்லை.

இப்போது அந்தக் கரையில் ஆன்டோ பலகைகள் வைத்திருந்த கொட்டகை இல்லை. இருந்த மணலையே கடல் எடுத்துக்கொண்டது. அவன் வெளிநாட்டுக் கப்பலில் வேலைக்குப் போய்விட்டதாகச் சொன்னார்கள். அந்த நம்பருக்கு அடித்தால் வேறு யாரோ எடுக்கிறார்கள். அம்மா போய்விட்டாள். இன்னொன்றும் போயிருக்கிறது, எந்த வருசம் போனதென்று எங்களுக்கே தெரியாது. முந்தியெல்லாம் எந்தக் கல்யாண வீட்டுக்குப் போனாலும் பந்தியில் பக்கத்தில் உட்காருகிறவள் சித்ராவிடம் பிள்ளைகளைப் பற்றித்தான் முதலில் கேட்பாள். அவள் தலையில் நரை தெரியத் தெரிய ஒவ்வொருவராக நிறுத்திக்கொண்டார்கள்.

முந்தாநாள் ஒரு கல்யாணத்தில், வெளியூரிலிருந்து புதிதாக வந்த மருமகள் ஒருத்தி விவரம் தெரியாமல், "ஒங்களுக்கு எத்தன பிள்ளைக அத்தே?" என்று கேட்டுவிட்டாளாம். சுற்றி இருந்தவர்கள் இலையிலிருந்து தலையைத் தூக்கவில்லையாம். "இல்லத்தா" என்று சொல்லி, அந்தப் பெண்ணின் இலையில் அப்பளத்தை எடுத்து வைத்தாளாம் சித்ரா.

வீட்டுக்கு வந்து சேலையை மடித்துக்கொண்டே இதைச் சொன்னாள். வருத்தமா, சிரிப்பா என்று அவள் முகத்தில் எனக்குப் பிடிபடவில்லை.

"கேட்டு எம்புட்டுக் காலமாச்சு, மச்சான்."