கழித்தது திரும்பி வந்தபோது

தேயிலைத் தூள் அடைத்து வரும் வெள்ளித்தாள் பையை அறுத்து, பளபளப்பு உள்பக்கம் இருக்கும்படி மடித்து, அதற்குள் கிரெடிட் கார்டை வைத்து, மறுபடியும் மடித்து, ரப்பர் பேண்டு சுற்றி, பனியன் பைக்குள் திணித்த பிறகுதான் செல்லையா ஸ்வெட்டருக்குள் தலையை நுழைப்பார். ஸ்வெட்டர் மேல் கோட்டு, கோட்டு மேல் மஃப்ளர். ஊட்டியில் எல்லோரும் குளிருக்குப் போடுவதுதான் இதெல்லாம். செல்லையா போடுவது கார்டுக்காக.

"பக்கத்துல வந்து நின்னாலே உறிஞ்சிருவானுங்களாம். தொடக்கூட வேண்டாமாம். காத்துலயே சல்லி போயிருமாமுங்க."

சல்லி என்றால் பணம். சிறு வயதில் இலங்கைத் தோட்டத்திலிருந்து அப்பா தோளில் உட்கார்ந்து கப்பலேறி வந்தபோது கூடவே வந்துவிட்ட சொல். எந்தத் துறைமுகத்திலும் அதைப் பிரித்துப் பார்த்துப் பறிமுதல் செய்யவில்லை.

கார்டு மகனுடையது. கோயமுத்தூரில் கம்ப்யூட்டர் கம்பெனியில் இருக்கும் ஜெகதீசன், தன் கணக்கோடு சேர்த்து அப்பா பெயரிலும் ஒன்று வாங்கிக் கொடுத்து, "அவசரத்துக்கு வச்சுக்குங்கப்பா" என்றான். அவசரம் வந்து கதவைத் தட்டினாலும் செல்லையா திறக்கும் ஆள் இல்லை. கார்டுக்குத் தேயிலை வாசனை ஏறியதுதான் இதுவரை கண்ட பலன்.

குடியிருப்பு காந்தலில். காலையில் பஸ் பிடித்து இத்தலார் போனால், சிறு விவசாயிகளிடம் பச்சைக் கொழுந்து வாங்கும் கொட்டகையில் தராசு வேலை. கிளென்மார்கன் பக்கம் ஒரு எஸ்டேட்டில் ரிட்டயர் ஆகும்வரை பார்த்ததும் இதே வேலைதான். மூட்டையைக் கொக்கியில் மாட்டினால் எல்லோரும் எடையைப் பார்ப்பார்கள். அவர் கொழுந்துக்குள் கையை விடுவார். ஈரம் தட்டுப்பட்டால் எடையில் கழிவு. தட்டுப்படாவிட்டாலும் கழிவு.

"ஏனுங்க, ஒரு வாரமா வெயில் கொளுத்துதே, எங்கிருந்துங்க ஈரம்?" என்று விவசாயி கேட்பார்.

"பனி பேஞ்சுதுங்களே."

பனி பெய்யாத ஊட்டியை யாரால் நிரூபிக்க முடியும்? விவசாயி தலையைச் சொறிந்துகொண்டு போவார். அப்படிக் கழித்ததை எவரும் திரும்ப வாங்கியதாக மலையில் வரலாறு இல்லை. மனைவி ஆண்டாயியும் அந்தக் காலத்தில் அவர் தராசில் கொழுந்து போட்டவர்தான். "கலியாணத்துக்கு முன்னாடியும் கழிச்சாரு, பின்னாடியும் கழிச்சாரு. பொண்டாட்டி மூட்டையாச்சேன்னு ஒரு நாளு கண்ணை மூடிருப்பாரா இந்த மனுசன்?" என்று வந்தவர்களிடமெல்லாம் நியாயம் கேட்பார்.

இப்படிப்பட்டவரைத்தான் மகன் சொகுசுக் கப்பலில் ஏற்றினான். அறுபதாம் கல்யாணத்துக்கு மண்டபம் பிடிப்பதைவிட இது மலிவு என்று மருமகள் சுமலதா கணக்குப் போட்டாள். சென்னையில் ஏறி, இலங்கைக் கரையோரமாகப் போய்த் திரும்பி வரும் கப்பல். அப்பா தோளில் வந்த முதல் கப்பலில் செல்லையாவிடம் யாரும் கார்டு கேட்கவில்லை. இந்தக் கப்பலில் ஏறும் முன்பே கேட்டார்கள்.

மேசைக்குப் பின்னால் இருந்த பெண், வெள்ளித்தாள் பிரிவதைப் பொறுமையாகப் பார்த்துக்கொண்டிருந்தாள். கார்டை வாங்கி ஒரு பெட்டியில் தொட்டாள். பதிலுக்கு நீல அட்டை ஒன்றைத் தந்தாள்.

"இதுதான் சார் ரூம் சாவி. கப்பல்ல என்ன வாங்கினாலும் இதையே காட்டலாம். உங்க கார்டுல கொஞ்சம் அமௌண்ட் பிடிச்சு வச்சிருக்கோம். செலவு போக மிச்சம் தானா விடுபட்டுரும்."

பிடித்து வைப்பது என்றால் என்ன என்று செல்லையாவுக்கு யாரும் பாடம் எடுக்க வேண்டியதில்லை.

"ஈரமே படாத கார்டுங்க அம்மிணி. இதுக்கு எதுக்குங்க கழிவு?"

அந்தப் பெண்ணுக்கு ஒன்றும் புரியவில்லை. ஒரு பேப்பர் துண்டை எடுத்துக் கார்டை இரண்டு பக்கமும் நன்றாகத் துடைத்துக் கொடுத்தாள்.

அதற்குப் பிறகு கப்பலில் செல்லையா செய்தது ஒரே வேலை. போனைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு மேல்தளத்தில் சுற்றியது. பணம் போனால் மெசேஜ் வரும். கடலில் மெசேஜ் வராது. ஆகவே போய்க்கொண்டிருக்கிறதா இல்லையா என்று தெரியாது. நீல அட்டையை அவர் ஆண்டாயி கையிலும் கொடுக்கவில்லை. "ஒரு போட்டோ எடுத்துக்கலாமுங்க, ஒரு ஐஸ்கிரீமாவது" என்று கேட்ட ஆண்டாயிக்கு, "ஊட்டில இல்லாத ஐஸா?" என்று பதில் வந்தது. ஒரு சாயங்காலம் தூரத்தில் நீலமாகக் கரை தெரிந்தது. "ஏங்க, அந்தா பாருங்க, நம்ம பொறந்த நாடு" என்று ஆண்டாயி தோளைத் தட்டினார். அந்தப் பக்கம் ஒரு கோடு சிக்னல் வந்ததைத்தான் செல்லையா பார்த்தார்.

காந்தலுக்கு வந்து சேர்ந்த சில நாளில் மெசேஜ் வந்தது. பிடித்து வைத்த தொகை முழுவதும் திரும்பிவிட்டது. அன்றுதான் மனிதர் உண்மையிலேயே நடுங்கிப் போனார்.

"வந்துருச்சில்லீங்ணா? அப்புறமென்ன, விடுங்க" என்றான் கொழுந்து வண்டி ஓட்டும் ஆறுக்குட்டி.

"முழுசா வந்துருக்கு ஆறு. பைசா குறையல. அதான் பயமா இருக்கு."

"குறைஞ்சாத்தானுங்ணா பயப்படோணும்?"

"குறைஞ்சிருந்தா நியாயம். எடுத்தவன் முழுசாத் திருப்பிக் குடுக்கறான்னா, வேற எதையோ பெருசா எடுத்துட்டான்னு அர்த்தம். நான் எத்தனை வருசமா தராசு பிடிக்கிறேன்? கழிச்சது என்னிக்காவது திரும்பிருக்கா?"

ஆறுக்குட்டிக்கும் குழப்பமாகிவிட்டது. கழிப்பவரே சொல்லும்போது எப்படி மறுப்பது?

செல்லையா வங்கிக்குப் போன் போட்டு, கார்டில் திருட்டு நடந்திருக்கிறது, எல்லாவற்றையும் மூடுங்கள் என்றார். "எல்லாத்தையுமா சார்?" என்று கேட்டார்கள். எல்லாவற்றையும்தான். வங்கி சொன்னபடி செய்தது. அதே நேரம் கோயமுத்தூரில் ஜெகதீசன், மாமனார் குடும்பத்துக்கு ஹோட்டலில் விருந்து கொடுத்துவிட்டுக் கார்டை நீட்டிக்கொண்டிருந்தான். மெஷின் வேண்டாம் என்றது. மறுபடி நீட்டினான். மறுபடியும் வேண்டாம் என்றது. கடைசியில் மாமனார் தம் பர்ஸைத் திறந்தார். திறந்ததைச் சுமலதாவின் அத்தைகள் எல்லோரும் பார்த்தார்கள்.

ஞாயிற்றுக்கிழமை மலையேறி வந்த ஜெகதீசன் உட்காரக்கூட இல்லை.

"ப்பா, பிடிச்சு வைக்கறதும் விடறதும் கப்பல்ல வழக்கம்ப்பா. உலகம் பூராவும் உங்க தராசுக் கொட்டாயா? இனி யாராச்சும் திருப்பித் தர்றோம்னு சொன்னா, தயவு பண்ணி நம்புங்க. முடியாதுன்னா புதுக் கார்டு வந்ததும் என்கிட்டக் குடுத்துருங்க."

செல்லையா சுவரைப் பார்த்தார். ஆயுள் முழுக்க அடுத்தவர் சுமையைத் தூக்கி எடை போட்டவரிடம், நம்பி ஒருவர் கொடுத்து வைத்தது என்று இருந்தால் அந்தக் கார்டு ஒன்றுதான். "நம்புறேன்ப்பா" என்றார். சமையல் அறையில் ஏதோ பாத்திரம் விழுந்தது. ஆண்டாயி சிரித்ததாகவும் இருக்கலாம்.

புதுக் கார்டு வந்தது. புது வெள்ளித்தாளும் வெட்டியாயிற்று. போன வாரம் இத்தலாரில் பனிமூட்டம் கொட்டகைக்குள்ளேயே வந்து உட்கார்ந்திருந்த நேரம், மூட்டை கொக்கியில் தொங்க, செல்லையாவின் ஒரு கை கொழுந்துக்குள் இருக்க, போன் அடித்தது. மறு கையால் ஸ்பீக்கரில் போட்டார்.

"செல்லையா சார்ங்களா? கப்பல் கம்பெனியிலிருந்து பேசறோம். உங்களுக்கு ஒரு தொகை திரும்பி வரவேண்டியிருக்கு. போனுக்கு ஒரு நம்பர் வந்திருக்கும், அதை மட்டும் சொன்னீங்கன்னா இப்பவே அனுப்பிருவோம்."

பெயர் தெரிந்திருக்கிறது. போன கப்பல் தெரிந்திருக்கிறது. எல்லாமே திரும்பி வந்த பிறகு இன்னும் எது பாக்கி? தனக்கே தெரியாமல் எதையாவது கழித்திருந்தார்களோ? நம்பினால் சல்லி போகலாம். நம்பாவிட்டால் கார்டு போகும்.

"திருட்டுப் பயலுங்ணா, வெச்சுருங்க!" என்றான் ஆறுக்குட்டி.

"பணம் வருதுன்னா சொல்லிப்போடுங்க. எங்களுக்கெல்லாம் யாருங்க கூப்பிட்டுத் தர்றாங்க?" என்றார் மூட்டைக்காரர், தராசைப் பார்த்துக்கொண்டே.

"சார், லைன்ல இருக்கீங்களா? எங்களை நம்பலாம் சார்."

செல்லையா கொழுந்துக்குள்ளிருந்து கையை எடுத்தார். மஃப்ளரைத் தளர்த்தி, கோட்டைத் திறந்து, ஸ்வெட்டருக்குள் கைவிட்டு, வெள்ளித்தாளை வெளியே எடுத்துப் பிரித்தார். கார்டை எடுத்துவிட்டு, அந்த இடத்தில் பேசிக்கொண்டிருந்த போனை வைத்தார். மடித்தார். மறுபடியும் மடித்து ரப்பர் பேண்டு சுற்றினார். உள்ளேயிருந்து "சார்... சார்..." என்றது; பிறகு அதுவும் இல்லை.

உறையில்லாத கார்டின் மேல் பனி இறங்கிப் பொடிப்பொடியாகப் பூத்தது. அவர் அதை மஃப்ளர் நுனியால் துடைத்தார். பிறகு உள்ளங்கையில் கிடத்தி, கண்ணை மூடிக்கொண்டு, எடை பார்ப்பதுபோல் மெல்ல மேலும் கீழும் அசைத்தார்.