என் கடைக்குள் வந்த எல்லை
நான் புலம்பெயர்ந்து வந்து தோர்ண்டன் ஹீத்தில் நடத்திய பலசரக்குக் கடைக்கு ஓர் எத்தியோப்பியப் பெண் இஞ்செரா சுட்டுக் கொண்டுவந்து தருவாள். எங்கள் தோசை போலப் புளித்த மாவில் செய்வது அது. எத்தியோப்பியாவுக்கும் எரித்திரியாவுக்கும் இடையில் போர் ஓய்ந்திருந்தாலும் எல்லை பூட்டியே கிடந்த காலம். தூதரகங்களும் திறக்கவில்லை.

ஒருநாள் அவள் நிற்கும்போதே எரித்திரிய டாக்சிக்காரர் ஒருவர் ஓர் இஞ்செராப் பைக்கற்றைக் கவுண்டரில் போட்டார்.

"இதில் எத்தியோப்பியன் என்று இருக்கிறது. லேபிளைக் கிழியுங்கள். இது எங்கள் சாப்பாடு."

"கிழித்தால் நாளையிலிருந்து இஞ்செரா வராது" என்றாள் அவள். இருவரும் ஒருவரையொருவர் பார்க்காமல் என்னிடமே பேசினார்கள்.

"நீங்கள் வாய் திறக்காதேங்கோ" என்று மனைவி உள்ளேயிருந்து சொன்னாள். எனக்கு ஏற்கெனவே கோபம் தலைக்கேறியிருந்தது.

"ஒரே மா, ஒரே சாப்பாடு. இதற்கெல்லாமா சண்டை?" என்று ஆங்கிலத்தில் கத்தினேன்.

டாக்சிக்காரர் எனக்குப் பின்னால் இருந்த இலங்கைத் தேயிலைப் பெட்டிகளைக் காட்டினார்.

"அதுவும் வெறும் தேயிலைதானே. அந்தச் சிங்கத்தின் முகத்தில் ஏன் விலை ஸ்டிக்கர் ஒட்டியிருக்கிறீர்கள்?"

இலங்கைக் கொடியின் சிங்கத்தைக் கண்டால் எங்கள் தமிழ் ஆட்கள் வாங்கமாட்டார்கள் என்று ஒட்டியது நான்தான். இப்போது அந்தப் பெண்ணும் அவர் பக்கத்தில் வந்து நின்று, என் பதிலுக்குக் காத்திருந்தாள்.