"டப்பா எங்க?" என்று கேட்ட முனிரத்தினம் நைனா

இன்று காலை 6.10. மிஸ்டு கால் ஏழு. ஏழும் திருத்தணி ஆட்டோ ஸ்டாண்டிலிருந்து.

முனிரத்தினம் நைனா போய்விட்டார். முதல் சவாரிக்காக வண்டியில் உட்கார்ந்திருந்தவருக்கு நெஞ்சு வலி… ஸ்டாண்டு ஆட்களே ஜி.எச்.சுக்குக் கொண்டு போயிருக்கிறார்கள். வழியிலேயே.

சொந்தம் இல்லை. திருத்தணியிலிருந்து கே.ஜி.கண்டிகைக்கு ஷேர் ஆட்டோ ஓட்டுபவர். எங்கள் ஊர் கண்டிகைக்கு முந்தின ஸ்டாப். அவர் பிள்ளைகள் நைனா என்று கூப்பிடும், அதைக் கேட்டு நாங்களும்.

என் தங்கச்சி கௌரியை உங்களில் நிறைய பேருக்குத் தெரியும். பத்தாயிரம் மீட்டர். போன வருஷம் ஊக்கமருந்து எடுத்தேன் என்று வீடியோவில் சொன்னாளே, அவள்தான்.

அவள் விடியற்காலையில் ரோட்டில் ஓடும்போதெல்லாம் நைனா பக்கத்தில் வந்து வண்டியை ஸ்லோ பண்ணுவார்.

"ஏறு பாப்பா, காலியாதான் போறேன்."

"ட்ரெய்னிங் நைனா."

"ஓடி எங்க போற?"

"எங்கயும் இல்ல. பால் சொசைட்டி வரைக்கும் போய்ட்டு திரும்பி வந்துடுவேன்."

"அப்ப போவாமயே இருந்துக்கலாமே."

தினமும் இதே டயலாக். அவள் ஜெயித்து, பஸ் ஸ்டாண்டில் ஃபிளெக்ஸ் வைத்தபோதும் அண்ணாந்து பார்த்துவிட்டுச் சொன்னார்: "படத்துலயும் ஓடிக்கினுதான் இருக்குது. ஒக்கார வெச்சி எடுக்கக் கூடாதா?"

அப்புறம் டெஸ்டில் மாட்டினாள். சப்ளிமென்டில் கலந்திருந்தது, தெரியாமல் நடந்தது என்று சொல்லச் சொன்னார் கோச். இவள் கேட்கவில்லை. மொபைலை எதிரில் வைத்து, "தெரிஞ்சேதான் போட்டுகினேன்" என்று சொல்லிவிட்டாள்.

மத்தியானத்துக்குள் ஃபிளெக்ஸில் அவள் முகத்தை மட்டும் கிழித்திருந்தார்கள். பெரியப்பா ஃபோன் பண்ணி, இனிமேல் எங்கள் வீட்டு விசேஷத்துக்கு வராதீர்கள் என்றார்.

கமென்ட்டில் கேட்கவே வேண்டாம். பாதிப் பேர் ஸ்டீராய்டு என்று எழுதியிருந்தார்கள். ஸ்டீராய்டு இல்லைங்க… ரத்தத்தில் சிவப்பணுவைக் கூட்டுகிற ஊசி. திட்டுவதாக இருந்தாலும் சரியாகத் திட்டுங்கள் என்று ஒவ்வொருவருக்கும் ரிப்ளை போட்டுக்கொண்டிருந்தேன்.

கௌரி உள்ளே. கதவு சாத்தியிருந்தது. அம்மா கூப்பிட்டும் திறக்கவில்லை.

அப்போதுதான் வாசலில் ஆட்டோ வந்து நின்றது.

சவாரியில் யாரோ, "அந்த ஓட்டக்காரப் பொண்ணு மருந்து எடுத்துகிச்சாமே" என்றிருக்கிறார்கள். எங்கள் பக்கம் அதற்கு ஒரே அர்த்தம்தான். வயலுக்கு அடிக்கிற மருந்தைக் குடிப்பது. வண்டியில் இருந்தவர்களை அங்கேயே இறக்கிவிட்டு நேராக வந்திருக்கிறார்.

"பாப்பாவ தூக்கு. ஜி.எச்.சுக்கு போலாம். இன்னா மருந்து? டப்பா எங்க? டாக்டரு கேப்பாரு."

எனக்குப் புரியவே இல்லை. என்னைத் தள்ளிவிட்டு உள்ளே போய்க் கதவை இடித்தார். எங்களுக்குத் திறக்காத கதவை கௌரி திறந்தாள்.

அவள் நிற்பதைப் பார்த்ததும் நைனா அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டார்.

"நைனா, அது ஊக்கமருந்து. ஊசி. வேகமா ஓடறதுக்குப் போட்டுக்கறது" என்றேன்.

"ஓடறதுக்கா?" அவளைப் பார்த்தார். "தப்புதானே அது?"

"ஆங் நைனா. தப்புதான்."

"உசுருக்கு ஒண்ணியும் இல்லியே?"

"அது டோஸைப் பொறுத்து…" என்று நான் ஆரம்பித்தேன்.

"நீ சும்மா இரு" என்றார். "இவ்ளோதானா… நான் வேற மூணு பேர நடுரோட்டுல எறக்கி உட்டுட்டு வந்துட்டேன். அதுல ஒரு அம்மா கோழியோட நிக்குது."

கௌரி சிரித்தாள். அன்று முழுக்க அவள் வாயிலிருந்து வந்த முதல் சத்தம் அது. அப்புறம் அழுதாள்… ரொம்ப நேரம். அவர் தண்ணீர் வாங்கிக் குடித்துக்கொண்டு பக்கத்திலேயே இருந்தார். கோழிக்கார அம்மா என்ன ஆனாரோ தெரியாது.

கிளம்பும்போது கொட்டகையில் இருந்த வயல் மருந்து டப்பா எல்லாவற்றையும் அப்பாவிடம் கேட்டு வாங்கி, ஆட்டோவில் ஏற்றினார். "எங்க வூட்ல இருக்கட்டும். பயிருக்கு வேணும்னா சொல்லு, நானே எடுத்துகினு வர்றேன்."

சொன்ன மாதிரியே ஒவ்வொரு தடவையும் கொண்டுவந்தார். அப்பா அடித்து முடிக்கும்வரை வரப்பில் உட்கார்ந்திருந்து, மிச்சத்தைத் திரும்ப எடுத்துப் போவார். சவாரி போனாலும் பரவாயில்லை.

எனக்கு இது ஓவராகத்தான் பட்டது. "நீங்க தப்பா கேட்டுகினு வந்தீங்க, அவ்ளோதானே நைனா. இன்னும் எதுக்கு இதெல்லாம்?" என்று கேட்டேன்.

"ஆங், ஆங்" என்றார். டப்பாவைத் தரவில்லை.

அந்த வீடியோவுக்குப் பிறகு கௌரி ரோட்டில் ஓடவே இல்லை. நாலு பேர் கூடுகிற இடத்துக்கும் வந்ததில்லை. எங்கள் நிலத்துக்குள்ளேயே நடப்பாள்.

இன்று காலை அவளிடம் விஷயத்தைச் சொன்னேன். வாசலுக்கு வந்து உட்கார்ந்தாள். பிறகு, "அண்ணா… அன்னிக்கு அவரு தப்பா கேட்டுகினு வரல" என்றாள்.

நான் போய்ப் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டேன்.

இனி:

1. லீவ் சொல்லியாச்சு. சாயந்திரம் நாலு மணிக்கு எடுக்கிறார்கள், கே.ஜி.கண்டிகையில் அவர் வீட்டிலிருந்து. அந்த வண்டியில் ஒரு தடவையாவது ஏறியவர்கள் வாருங்கள்.

2. டப்பாக்கள் அவர் வீட்டிலேயே இருக்கட்டும். அடுத்த தடவை நான் போய் எடுத்து வருவேன். அப்பா அடித்து முடிக்கும்வரை வரப்பில் நான் உட்காருவேன். மிச்சத்தை நானே திரும்பக் கொண்டுபோய் வைப்பேன்.

3. கௌரியும் வருகிறாள். ஷூவை எடுத்துத் துடைத்து வைத்திருக்கிறாள். ரோட்டு வழியாகவே வருவாளாம், வண்டி வேண்டாமாம். நான் பைக்கில் பின்னால் ஸ்லோவாக வருவேன். ஏறச் சொல்ல மாட்டேன், நைனா.