கேட்டில் போர்டு, குழாயில் கமர்ஷியல்

போன செவ்வாய்க்கிழமை காலையில் என்னை நானே மாட்டிவிட்டுக்கொண்டேன். அதுவும் வாய் நிறையச் சிரித்துக்கொண்டே!

குடிநீர் இணைப்புகளைச் சரிபார்க்க மாநகராட்சியிலிருந்து ஒரு மேடம் வந்தார். கேட்டில் என் பெயரோடு ‘எக்ஸ்போர்ட்ஸ்’ சேர்த்து ஒரு போர்டு. அதைப் படித்துவிட்டுக் கேட்டார்: “கம்பெனி உங்களுதுங்களா?”

திருப்பூரில் ஓர் ஆணிடம் இப்படிக் கேட்கலாமா? “ஆமாங்க! நம்ம கம்பெனிதான்!” என்றேன். இன்னொரு கேள்வி கேட்டிருந்தால் ஐரோப்பாவையே இழுத்து வந்திருப்பேன்.

உண்மை என்ன? பல வருடங்களுக்கு முன் இரண்டு தையல் மெஷின் வாங்கினேன். போர்டு மாட்டினேன். விசிட்டிங் கார்டு அடித்தேன். ஆர்டர்தான் வரவில்லை. ஒரு மெஷினை விற்றாயிற்று. இன்னொன்றின் மேல் துவைத்த துணி குவிந்து கிடக்கிறது.

மேடம் நோட்டில் டிக் அடித்தார். “அப்ப இது கமர்ஷியல் கனெக்‌ஷனுங்க. தண்ணிக்கு ரேட் ஏறும். பாதாள சாக்கடைக்கும் சேர்ந்து ஏறும்.”

தூக்கிவாரிப் போட்டது! “ஊட்டுல நாங்க ரெண்டே பேருங்க! எத்தன குடம் புடிக்கறோம்னு வேணா எண்ணிப் பாருங்க!”

“எத்தன குடம்ங்கறது அப்புறமுங்க சார். எதுக்குப் போகுதுன்னு மொதல்ல பாக்கோணும். ஊட்டுக்கு ஒரு ரேட், கம்பெனிக்கு ஒரு ரேட்.”

அடடா! தண்ணீருக்கு லிட்டரை அளந்துதான் விலை போடுவார்கள் என்றல்லவா இத்தனை நாள் நினைத்திருந்தேன்? யோசித்தால் நியாயம்தான்... தண்ணீரை வைத்துச் சம்பாதிப்பவனும் ரசம் வைப்பவனும் ஒன்றா? ஆனால், அந்த நியாயம் என் வீட்டுக் குழாய்க்கு ஏன் வர வேண்டும்?

அதற்குள் என் மனைவி சரசு வந்துவிட்டாள். “இவருக்குக் கம்பெனியா? நீங்க உள்ள வாங்க மேடம்!” மெஷினைக் காட்டினாள். துணிக் குவியலைத் தூக்கிக் காட்டினாள். “இதானுங்க அந்த எக்ஸ்போர்ட். இன்னும் மடிச்சு வெக்கல.”

மேடத்துக்குச் சிரிப்பு அடங்கவில்லை. “தொழில் எதுவும் நடக்கலைன்னு ஒரு லெட்டர் குடுத்துருங்க சார்.”

சரசுவே எழுதினாள்: ‘இங்கே எந்தத் தொழிலும் நடக்கவில்லை, நடந்ததும் இல்லை.’

“ஏன் சரசு, நான் பத்திரிகைல பத்தி எழுதறது தொழிலில்லையா?”

“அதுக்குத் தண்ணி செலவாகறதில்லீங்க. போடுங்க கையெழுத்த!”

போட்டேன். மேடம் ‘கமர்ஷியல்’ என்பதை அடித்து ‘வீடு’ என்று எழுதினார். நான் துள்ளிக் குதித்தேன்!

முதலாளிப் பதவி பறிபோனதற்குத் தெருவுக்கே காபி கொடுத்த ஒரே ஆள், இந்த ஊரில் நானாகத்தான் இருப்பேன்.