கம்பளிச் செருப்பும் ஒரு நாற்காலியும்

கால் பார்க்கிற தொழிலில் முகம் பார்க்க வேண்டியதில்லை. கூச்சக்காரியான எனக்கு அது அதனால்தான் பிடித்தது. ஜெர்மனியில் ஒரு பழைய பல்கலைக்கழக நகரம். இரண்டாயிரமாம் ஆண்டுக்குப் பிறகு சில வருடங்கள், அங்கே கூரை முழுக்க ஓவியம் தீட்டிய பழைய மண்டபத்தின் வாசலில் இருந்தேன். மரத்தரையில் கீறல் விழாமல் இருக்க, பார்க்க வருகிறவர்கள் ஷூவுக்கு, எங்கள் பேச்சில் சப்பாத்துக்கு, மேலே பெரிய கம்பளிச் செருப்பை மாட்ட வேண்டும். அதைக் கொடுப்பதும் திருப்பி வாங்குவதும் என் வேலை. உணவகச் சமையலறையிலும் அலுவலகத் துப்புரவிலும் நின்று தேய்ந்த பிறகு இந்த நாடு எனக்குத் தந்த முதல் நாற்காலி அது. நின்றுகொண்டே சம்பளம் வாங்கியவர்களுக்கு அதன் அருமையை நான் விளக்கத் தேவையில்லை.

அளவு

செருப்பில் மூன்று அளவு. காலைப் பார்த்ததும் கை தானாக எடுக்கும். ஒருநாள் கோட்டுப் போட்ட நெடிய மனிதர் ஒருவருக்குப் பெரியதை நீட்டினேன். வேண்டாம், நடுத்தரம் போதும் என்றார். கொடுத்தேன். மண்டபத்தின் நடுவில் ஒரு செருப்பு கழன்று பின்னால் நின்றுவிட்டது. அவர் மட்டும் முன்னால் போய்விட்டார். திரும்பி வந்து பெரியதை வாங்கிக்கொண்டு சொன்னார்: “என் கால் பெரிதில்லை. சப்பாத்துத்தான் பெரிது.”

எந்தத் துறை?

எர்லாங்கன் நகரிலிருந்து ஒரு சென்னைப் பொறியியலாளர், மனைவியோடு வந்தார். நான் தமிழ் என்று தெரிந்ததும் முகம் மலர்ந்து, “யுனிவர்சிட்டியிலயா ஒர்க் பண்றீங்க ஆன்ட்டி? எந்த டிபார்ட்மென்ட்?” என்றார். செருப்பைத் தூக்கிக் காட்டினேன்.

உள்ளே போனவர், கூரையைப் படமெடுக்க மல்லாந்து தரையில் படுத்துவிட்டார். காலில் மட்டும் செருப்பு ஒழுங்காக இருந்தது. படுப்பதைப் பற்றி விதியில் ஒன்றும் இல்லாததால் அவரை எழுப்பவில்லை. மனைவி என்னிடம் வந்து, “தரைக்கு ஒண்ணும் ஆகாது ஆன்ட்டி. சட்டையைத்தான் நான் துவைக்கணும்” என்றார்.

பெட்டி

கட்டடப் பொறுப்பாளர் அம்மையார் ஃபிராவ் லிண்ட்னருக்கு ஒரு யோசனை வந்தது. வாசலில் ஒரு மரப்பெட்டி, அதில் செருப்புகள், மேலே ஒரு படம்: சப்பாத்து, அதன் மேல் செருப்பு. ஒரு வாரம் பரீட்சை. ஆட்கள் தாங்களாகவே எடுத்து மாட்டினால் நான் திரும்பவும் விடியற்காலைத் துப்புரவுக்கு. அந்த வாரம் என் நாற்காலியை ஒரு மூலைக்குத் தள்ளி, யாரோடும் பேசக்கூடாது என்று சொல்லிவிட்டார்.

மூன்று நாள் எல்லோரும் படத்தைப் பார்த்தார்கள், மாட்டினார்கள், கழற்றிப் பெட்டியில் போட்டார்கள். ஒருவராவது பிழை விட்டால் என்ன என்று நான் மூலையிலிருந்து ஏங்கினேன். பேசாமல் வேலை செய்வது என் ஒருத்தியின் திறமை என்றுதான் அதுவரை நினைத்திருந்தேன். மூன்றாம் நாள் மாலை ஃபிராவ் லிண்ட்னர் சொன்னார்: “பார்த்தீர்களா, படம் ஒரு சொல்லும் பேசாமல் வேலையை முடிக்கிறது.”

எசன் பஸ்

நாலாம் நாள் எசன் நகரிலிருந்து ஒரு பஸ் நிறையத் தமிழ்க் குடும்பங்கள் சுற்றுலா வந்தன. செதுக்கிய கதவையும் தூண்களையும் பார்த்ததும் கோயில் நினைப்பில் எல்லோரும் வாசலிலேயே சப்பாத்தைக் கழற்றிவிட்டார்கள். வேதக்காரரான கிறிஸ்தவர், சைவக்காரர் என்ற வித்தியாசம் இல்லை. படத்தைப் பார்த்த ஒருவர், “சப்பாத்துக்கு மேல செருப்போ? விசர்க் கதை. கழட்டிப்போட்டு வாங்கோ” என்றார். எனக்கோ பேசத் தடை. பின்னால் வந்த ஜெர்மன்காரர்கள் குவியலைப் பார்த்து, இதுதான் முறையாக்கும் என்று தாங்களும் கழற்றினார்கள்.

திரும்பும்போது சிக்கல். ஒரு ஜெர்மன் பெரியவர் தன் காலுக்குச் சிறிதான கறுப்புச் சப்பாத்துச் சோடியைக் கையில் வைத்துக்கொண்டு காலுறையோடு நின்றார். பஸ்ஸுக்குள் யாரோ, “அண்ணை, காலைப் பாருங்கோ!” என்று கத்த, ஒருவர் குனிந்து பார்த்து, “அதுதானே, இண்டைக்கு நடக்கச் சுகமாக் கிடக்கெண்டு பாத்தன்” என்றபடி இறங்கி வந்தார்.

சத்தம் கேட்டு ஃபிராவ் லிண்ட்னரும் வந்து சேர்ந்தார். எசன் பெண் ஒருத்தி என்னிடம், “என்னக்கா, சப்பாத்துப் பார்க்க ஒரு ஆளை இருத்தேலாதோ? ஊரில கோயிலிலயும் இருக்கினமெல்லோ!” என்றாள். என்ன சொல்கிறாள் என்று ஃபிராவ் லிண்ட்னர் கேட்டார். மொழிபெயர்த்தேன், ஒரு சொல்லும் கூட்டவில்லை. அவர் குவியலைப் பார்த்தார், கைபடாத பெட்டியைப் பார்த்தார், பிறகு சொன்னார்: “நாற்காலியை வாசலுக்குக் கொண்டுவாருங்கள்.”

அதே நாற்காலியில் இருந்துதான் ஓய்வும் பெற்றேன். கூரையில் என்ன ஓவியம் என்று மட்டும் என்னைக் கேட்காதீர்கள்.