பிறந்தநாள் வேம்பும் ஊசிப்புல்லும்

மகளின் பிறந்தநாளுக்கு நட்ட வேப்பங்கன்றை அங்கேயே விடலாமா, எடுத்துவிடலாமா? ஒரு வருடமாக யோசிக்கிறேன், விடை தெரியவில்லை.

போன தீபாவளிக்கு முந்தைய ஞாயிறு அது. புனேவில், எங்கள் விமான் நகர் வீட்டிலிருந்து காரில் அரை மணி தூரத்தில் ஒரு மொட்டைக் குன்று. மகளுக்கு அன்று ஐந்து வயது முடிந்தது. கேக்கோடு ஒரு மரமும் இருக்கட்டும் என்று நான்தான் ஏற்பாடு செய்தேன். குன்றெங்கும் காய்ந்த புல், கொத்துக் கொத்தாக. அதன் விதைகள் ஊசிபோல மகளின் சாக்ஸில் ஏறிக் குத்தின. கண்ணில் பட்டால் என்னாவது என்று எனக்குப் படபடப்பு. செத்த புல்தானே என்று, மகளை அதட்டித் தள்ளி நிறுத்திவிட்டு, நாலைந்து தூர்களை வேரோடு பெயர்த்துப் போட்டேன்.

"அரே தீதி, அதைப் போய் ஏன் புடுங்கறீங்க?"

என் தமிழைக் கேட்டுத்தான், அங்கே புல் அறுத்துக்கொண்டிருந்த ஒரு பெண் வந்திருக்கிறார். கையில் அரிவாள், என் வயதுதான் இருக்கும். புனேவிலேயே தமிழர்கள் நிறைய இருக்கும் தாபோடியில் பிறந்து, எருமை வளர்க்கும் மராத்திக் குடும்பத்தில் வாழ்க்கைப்பட்டவராம்.

"காஞ்சு போச்சேங்க" என்றேன்.

"எங்க காஞ்சுது?" தூரின் அடித்தாளை உரித்தார். உள்ளே பச்சை! "ஊசிப்புல்லு. இங்க குசள்னு சொல்வாங்க. வருஷா வருஷம் இதே தூர்லதான் துளிர்க்கும்."

சாக்ஸிலிருந்து ஒரு விதையை உருவி, உள்ளங்கையில் வைத்து ஒரு சொட்டுத் தண்ணீர் விட்டார். முறுக்கியிருந்த அதன் வால் மெல்ல அவிழ, விதை தானாகச் சுழன்றது. மழை பட்டால் இப்படித்தான் மண்ணைத் துளைத்து இறங்குமாம்.

"அம்மா, ஸ்க்ரூ!" என்று குதித்தாள் மகள்.

அதற்குள், கன்றுக்குக் குழி தோண்டிய என் கணவரின் கடப்பாரை 'ணங்' என்று பாறையில் மோதியது.

"ஒரு சாண் மண்ணுதான் பாயி" என்று அவரைப் பார்த்துச் சிரித்தார் அந்தப் பெண். "அதையும் இந்தப் புல்லுதான் புடிச்சு வெச்சிருக்கு. வெயில்தான் வேணும் அதுக்கு. மரம் வந்து நிழல் விழுந்தா புல்லு வராது."

கூசிப்போனேன். ஆனால் மகள் கன்றுக்கு அதற்குள் 'தங்கச்சி' என்று பெயர் வைத்துவிட்டாள். அவள் முகத்தைப் பார்த்து, கன்றை நட அவரே ஒரு பாறை இடுக்கைக் காட்டினார். நான் பெயர்த்த தூர்களில் இரண்டைத் திரும்ப ஊன்றி, காலால் மிதித்துவிட்டுப் போனார்.

இந்த மழையில் அந்த இரண்டும் துளிர்த்தன. மற்றவை இருந்த இடத்தில் மண் கரைந்து பாறை தெரிகிறது. வாராவாரம் நாங்கள் ஊற்றும் தண்ணீரில் தங்கச்சியும் முழங்கால் உயரம் வந்துவிட்டாள்.

கையளவு மண்ணில் ஒரு குன்றையே பிடித்து நிற்கும் புல்லை, செத்தது என்று நினைத்தேனே! பாறை இடுக்கில் வேர்விட்ட கன்றைச் சாகாமல் எடுத்து வேறிடத்தில் வைக்க முடியுமா? செய்து பார்த்தவர்கள் இருந்தால் சொல்லுங்களேன். மகளிடம் நான்தான் பேசியாக வேண்டும்.