ரேடியேட்டரில் ஊற்றிய புளித்தண்ணீர்

என் கணவர் பிரிக்பீல்ட்ஸில் வாடகைக் கார் ஓட்டுகிறார். ரேடியேட்டர் தண்ணீர் துருநிறமாக வரவே, "இதுவும் பித்தளைதானே, குத்துவிளக்கு மாதிரி புளி போட்டாப் போயிடும்" என்று புளியைக் கரைத்து ஊற்றி, அதோடேயே ஓட்டினார். புளி போட்டால் உடனே கழுவிவிட வேண்டும் என்பது, ஒருநாளாவது விளக்குத் துலக்கியிருந்தால்தானே தெரியும்!

கிள்ளானில் என் அக்காவுக்குக் காய்ச்சல் முற்றிவிட்டதாக ஆள் வந்து சொன்னார். உடனே காரில் கிளம்பினோம். பாதி வழியில், ரப்பர் தோட்டங்களுக்கு நடுவே, ஆவி சீறிக்கொண்டு வண்டி நின்றது. ரேடியேட்டரில் ஈயம் வைத்து ஒட்டிய இடங்களைப் புளி அரித்திருந்தது. தண்ணீரெல்லாம் தரையில்.

மாட்டுவண்டி பிடித்துப் போய்ச் சேர்ந்தபோது வாசலில் பாடை கட்டிக்கொண்டிருந்தார்கள். "வண்டிச் சத்தம் கேக்குதா, வண்டிச் சத்தம் கேக்குதான்னு கேட்டுக்கிட்டே இருந்தாம்மா" என்று அழுதார் அத்தான்.

இப்போது ரேடியேட்டருக்கென்றே மழைத்தண்ணீர் பிடித்து வைக்கிறேன். அதைத் தவிர வேறெதையும் ஊற்ற விடுவதில்லை. தண்ணீர் கலங்கினால் உடனே திறந்துவிட்டு அலசச் சொல்கிறேன்.

வண்டி நன்றாகத்தான் ஓடுகிறது. அதன் சத்தத்துக்குக் காத்திருக்கத்தான் கிள்ளானில் யாரும் இல்லை.